ஐந்து கடிதங்களும் ஒரு காலும்

மார்ச் 3, ஞாயிறு

மத்தியானம் கணவாய்க் கறியும் புட்டும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் என் நிம்மதி போய்விட்டது.

மகள் ஆரணிக்கு ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம். மண்டப வாசலில் ஒரு மேசை போட்டு, இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனின் பழைய சாமான்களை வைக்கப் போகிறாளாம். மாப்பிள்ளை வீட்டார் தங்களுடைய கூறைப்புடவையையும், மாப்பிள்ளையின் தகப்பன் அந்தக் காலத்தில் வாசித்த மிருதங்கத்தையும் தருகிறார்களாம். “எங்கட பக்கத்தில என்னப்பா இருக்கு?” என்று கேட்டாள். என்னுடைய வழுக்கைத் தலைதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி முந்திவிட்டாள்.

“அப்பா எனக்கு எழுதின கடிதம் இருக்கு. ஆனா வீட்டில இல்லை, கவர்மெண்டிட்ட இருக்கு.”

நான் தண்ணீர் குடிக்கும் சாட்டில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

1992இல் மலர் கோண்டாவிலில் இருந்தாள், நான் ரொறன்ரோவில். அவளுடைய அண்ணர் சம்பந்தம் பேசினார். நான் அகதியாக வந்தவன், ஊருக்குத் திரும்பிப் போய்த் தாலி கட்ட முடியாது. அவளைத்தான் ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிடவேண்டும். அதற்கு, இது உண்மையான உறவு என்று குடிவரவு அதிகாரிக்கு நிரூபிக்கக் கடிதங்கள் காட்டவேண்டும். பெரியவர்கள் பேசி முடிக்கிற கல்யாணத்தில் பெடியனுக்கும் பெட்டைக்கும் என்ன கடிதப் போக்குவரத்து? ஆனால் அப்படிச் சொன்னால் வெள்ளைக்காரனுக்கு விளங்காது. அதனால் அந்தக் காலத்தில் ஸ்பொன்சர் செய்த பெடியன்கள் எல்லோரும், முகம் பார்க்காத பெண்ணுக்கு அவசர அவசரமாகக் காதல் கடிதம் எழுதினார்கள். மலர் அவற்றைக் கொழும்புக்குக் கொண்டுபோய் நேர்முகத்தில் கொடுத்தாள். கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பி வரவில்லை.

ஆரணி உடனே போனைத் தட்டினாள். “அம்மா, உங்கட குடிவரவுக் கோப்பை நீங்களே கேட்டு எடுக்கலாம். எல்லாருக்கும் உரிமை இருக்கு. ஒரு படிவம் நிரப்பினாச் சரி.”

“அப்ப நிரப்பு பிள்ளை” என்றாள் மலர். பிறகு முப்பத்திரண்டு வருஷமாக எல்லாக் கொண்டாட்டத்திலும் சொல்கிற வசனத்தை மறுபடி சொன்னாள். “இவரிட கடிதத்தைப் பாத்துத்தான் நான் ஓம் எண்டனான்.”

முப்பத்திரண்டு வருஷமாகச் சிரிக்கிற அடக்கமான சிரிப்பை நானும் சிரித்தேன்.

மார்ச் 5

டயரியிலாவது உண்மை எழுதவேண்டும். அந்த ஐந்து கடிதங்களையும் எழுதியது நானில்லை. என்னோடு ஒரே அறையில் இருந்த சோதி.

எனக்கு எழுத்து வராது. “நலம், நலமறிய ஆவல்” என்பதற்கு மேல் பேனை நகராது. சோதியோ கவிஞன். இன்றைக்கு அவன் வீடு விற்கும் தொழில் செய்கிறான், ஆனாலும் யாருக்காவது அறுபதாம் பிறந்தநாள் என்றால் வாழ்த்துப்பா அவன்தான். அவனுடைய கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். எழுதித் தந்தான், நான் கீழே கையொப்பம் மட்டும் வைத்தேன். “ஒன்ராறியோ ஏரியில் நிலவு எழும்போதெல்லாம் உம் முகம் என் நெஞ்சக் குளத்தில் அல்லியாய் மலர்கிறது” என்று ஒரு வரி இன்னும் நினைவிருக்கிறது. நான் அந்த வருஷம் ஏரியைக் கண்ணாலும் காணவில்லை. ஒரு உணவகத்தின் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதத்தை நம்பித்தான் ஒருத்தி படகேறி, பஸ் ஏறி, விமானம் ஏறி வந்தாள். இப்போது அது வீட்டுக்கு வந்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்பட்டால்? என் கையெழுத்து குளிர்சாதனப் பெட்டிக் கதவிலேயே தொங்குகிறது. பால், முட்டை, வெங்காயம்.

மார்ச் 9

ஆரணி படிவத்தை அனுப்பிவிட்டாள்.

மார்ச் 16

சோதியிடம் தொலைபேசியில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“மச்சான், பயப்பிடாத. அவ்வளவு பழைய கோப்பெல்லாம் எப்பவோ கிழிச்செறிஞ்சிருப்பாங்கள். ஆனா ஒண்டு, கிடைச்சா எனக்கொரு கொப்பி தா. அது என்ர நல்ல காலத்து எழுத்து.”

நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். பழைய கோப்புகள் பலவற்றை அழித்துவிடுவது வழக்கம் என்று போட்டிருந்தது. பாடசாலை பஸ் ஓட்டி முடிந்து வரும்போது பன்னிரண்டு உளுந்து வடை வாங்கி வந்தேன். என்ன விசேஷம் என்று மலர் கேட்டாள். சும்மா என்றேன். அவள் வழக்கம்போல மாலையில் கதிரையில் இருந்து, இடது கால் சின்னவிரலில் உள்ள ஆணிக்கு எண்ணெய் பூசிக்கொண்டே நாலு வடை சாப்பிட்டாள்.

ஏப்ரல் 12

வடை வீண். கோப்பு இருக்கிறதாம். களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறதாம். 214 பக்கங்கள்.

மனிதன் உள்ளூர் வாசகசாலையில் எடுத்த புத்தகத்தைக்கூடத் தொலைக்கிறான். இவர்கள் சோதியின் அல்லிப்பூவை முப்பத்திரண்டு வருஷம் காத்து வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 13

கடவுள் இருக்கிறார். நேற்று வந்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை இன்றுதான் ஆரணி வாசித்தாள். மலரின் கோப்பில் இன்னொருவருடைய தனிப்பட்ட விஷயங்களும் இருப்பதால், அந்த ஆள் சம்மதம் தந்து கையொப்பம் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் அந்தப் பகுதிகளைக் கறுப்பாக்கித்தான் அனுப்புவார்கள். அந்த இன்னொருவர் நான்.

“இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோப்பா” என்று மலர் சம்மதப் பத்திரத்தைத் தந்தாள்.

“பேனை பஸ்ஸில கிடக்கு. நாளைக்குப் போட்டுத் தாறன்” என்றேன்.

வீட்டில் பதினேழு பேனை இருக்கிறது.

ஏப்ரல் 22

பத்திரம் என் பஸ்ஸில், வெயில் மறைக்கிற தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மலர் இரண்டு தரம் கேட்டாள். ஒரு தரம் மறந்துவிட்டேன் என்றேன். மற்றத் தரம் அனுப்பியாச்சு என்ற மாதிரித் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லை. அதனால் அது பொய்யில் சேராது.

ஏப்ரல் 27

தோட்டத்துக்கு மண் இரண்டு மூட்டை. மிளகாய்க் கன்று ஆறு. மலருக்கு முதுகுப்பிடிப்பு, நான் சோறு வைத்தேன், குழைந்துவிட்டது.

மே 11

கோப்பு வந்துவிட்டது. தாளாக இல்லை, கணினியில் திறக்கிற மாதிரி. மலர் முகம் கழுவி, பவுடர் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். விருந்தாளி வருகிற மாதிரி.

முதலில் அவளுடைய படம். இருபத்திநாலு வயசு, இரட்டைப் பின்னல், யாரோடோ சண்டைக்குப் போகிற பார்வை. “பாருங்கோ அம்மாவை, என்ன வடிவு” என்றாள் ஆரணி. நானும் பார்த்தேன். வடிவுதான். பிறகு மருத்துவச் சோதனை, பொலிஸ் பத்திரம், அண்ணரின் கடிதம். அதற்குப் பிறகு கறுப்பு. பக்கம் பக்கமாகக் கறுப்பு, கீழ்மூலையில் எண்கள் மட்டும்.

“இந்தப் பக்கமெல்லாம் அப்பாவின்ட கடிதமா இருக்கும்” என்றாள் ஆரணி. “சம்மதம் போய்ச் சேரேல்லைப் போல.”

மலர் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், ஏசுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. அந்தக் கறுப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாக, கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

“பரவாயில்லை பிள்ளை. மேசையில வேற என்னவும் வைப்பம்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

நான் தப்பிவிட்டேன்.

மே 12

அன்னையர் தினம். ஆரணி கேக் கொண்டுவந்தாள். மலர் ஒரு துண்டு சாப்பிட்டாள். முகத்தில் பவுடர் இல்லை.

மே 19

தப்பியவன் நிம்மதியாக இருக்கவேண்டும். எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏச்சை நான் வாங்கிப் பழகியவன். இந்தப் “பரவாயில்லை”யைத்தான் தாங்க முடியவில்லை.

சோதி கோயிலில் கண்டு தோளில் தட்டினான். “எல்லாம் கறுப்பாமே! மச்சான், அது சிவபெருமான் உனக்குச் செய்த உதவி. அப்பிடியே விடு.”

அவன் சொல்வது சரி. அப்படியே விடுவதுதான் புத்தி.

மே 21

கையொப்பம் வைத்தேன். பாடசாலை வாசலில் மணி அடிக்கும் வரை காத்திருக்கும்போது, ஸ்டியரிங்கில் வைத்துத்தான் வைத்தேன். பிறகு தபால்பெட்டியில் போட்டேன். அது ஒரு அரசாங்கத் தாள்தான், ஆனால் மலருக்கு நான் முதல்முதலாக உண்மை எழுதி அனுப்புகிற மாதிரி இருந்தது.

அது வருவதற்கு முன்னால் நானே வாயால் சொல்லிவிடவேண்டும். பத்திரம் சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது.

ஜூன் 2

சொல்லப் போனேன். மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் நுனி முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேரும், உம்மிட்ட ஒண்டு சொல்லவேணும்.”

“என்ன?”

“முருங்கைக்காய் முத்தல்.”

“அது எனக்குத் தெரியும்” என்றாள்.

ஜூன் 16

கார் கழுவுகிற இடத்தில் சொல்லிப் பார்த்தேன். இயந்திரம் போட்ட இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்லத் தைரியம் வரவில்லை.

ஜூன் 28

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டது. பஸ்ஸைக் கழுவி ஒப்படைத்தேன். இனி நாள் முழுக்க வீட்டில்தான். சாட்டுச் சொல்ல இடமில்லை.

ஜூலை 13, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதவேண்டும். ஒன்றும் விடக்கூடாது.

காலை பத்து மணிக்கு ஆரணி வந்தாள். “அப்பா, நீங்கள் சம்மதம் அனுப்பினதை ஏன் சொல்லேல்லை? கறுப்பெல்லாம் எடுத்து அனுப்பியிருக்கினம்!” மலர் கையில் மாவோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் போய்ப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவள் கதிரையில் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். நின்றபடியே, ஒரே மூச்சில்.

“மலர், அந்தக் கடிதங்கள் நான் எழுதேல்லை. ஐஞ்சும் சோதி எழுதினது. நான் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான். நீர் அதைப் பாத்துத்தான் ஓம் எண்டனீர். முப்பத்திரண்டு வருஷமா உம்மை ஏமாத்திப்போட்டன்.”

ஆரணி வாயைப் பிளந்தாள். மலர் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“தெரியும்” என்றாள். “பக்கத்தைத் தள்ளு பிள்ளை.”

சோதியின் கடிதங்கள் வந்தன. மலர் ஒவ்வொன்றையும் நாடகத்தில் பேசுகிற குரலில் வாசித்தாள். நிலவு வந்தது, அல்லி வந்தது, மூன்றாவது கடிதத்தில் ஒரு அன்னப்பறவையும் வந்தது. ஆரணி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று விளங்கவில்லை.

“சோதிதான் எண்டும் தெரியுமோ?”

“ஆரணி பிறந்த முப்பத்தொண்டாம் நாள் சடங்கில வாழ்த்துப்பா வாசிச்சாரெல்லோ? அதிலயும் அதே நெஞ்சக் குளம்தான். அண்டைக்கே ஆளைப் பிடிச்சிட்டன்.”

“பின்ன ஏன் என்னட்டக் கேக்கேல்லை?”

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

அடுத்தது நேர்முகக் குறிப்பு. கொழும்பில் அவளைக் கேள்வி கேட்ட அதிகாரி கையால் எழுதி வைத்தது. ஆரணி அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். நான் அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

“ஐந்து கடிதங்களின் கையெழுத்தும் ஸ்பொன்சர் படிவத்தில் உள்ள கையெழுத்தும் வேறு வேறு. விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்டேன். அவை மாப்பிள்ளை எழுதியவை அல்ல, வேறு யாரோ எழுதியவை என்று தயங்காமல் சொன்னார். அப்படியானால் இந்த ஆளை ஏன் மணக்கச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். கைப்பையில் தனியாக வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்துத் தந்தார். இது அவரே எழுதியது என்றார். திருப்பிக் கிடைக்குமா என்று இரண்டு தடவை கேட்டார். என் கருத்தில் உறவு உண்மையானது.”

“எந்தக் கடிதம்?” என்றேன். சத்தியமாக எனக்கு நினைவில்லை. ஐந்துதான் போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரணி அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். என்னுடைய கோழிக்கிறுக்கல். பால், முட்டை, வெங்காயம் எழுதுகிற அதே கை.

“இரத்தினமலருக்கு. இங்கே தை மாதம் கடும் குளிர். ஊர்ச் செருப்போடு வந்தால் விமான நிலையத்து வாசலிலேயே கால் விறைத்துவிடும். சப்பாத்து வாங்கி வைக்கவேண்டும். ஒரு தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்பவும். இரண்டு காலையும் கீறவும், சிலருக்கு ஒன்று பெரிதாக இருக்கும். வர விருப்பமில்லை என்றால் கீறவேண்டாம். நான் கோபிக்க மாட்டேன். விமலேந்திரன்.”

இப்போது நினைவு வந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸில், முழங்காலில் வைத்து எழுதினேன். சோதிக்குக் காட்டவில்லை. சப்பாத்து விஷயத்தில் அவனுக்கு என்ன வேலை என்று நினைத்தேன்.

“மற்றக் கடிதங்களைப் பாத்து எனக்குப் பயம் பிடிச்சது” என்றாள் மலர். “இப்பிடி எழுதுறவனுக்கு ஊர் முழுக்கப் பெட்டையள் இருப்பாளவை எண்டு அண்ணையோட சண்டை பிடிச்சனான். மாட்டன் எண்டுதான் நிண்டனான். பிறகு இது வந்திது. விருப்பமில்லாட்டிக் கீறவேண்டாம் எண்டு ஆரும் என்னட்டச் சொன்னதில்லை. அதைக் கொழும்பில கந்தோர்க்காரர் வாங்கி வைச்சிட்டினம். அதைத்தான் நான் கேட்டனான். உங்கட அல்லிப்பூவை ஆர் கேட்டது?”

ஆரணி அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. கண்ணில் மா பட்டுவிட்டது.

கடைசியில், நான் ஸ்பொன்சர் படிவத்தோடு இணைத்த ஒரு பக்கம் இருந்தது. பெண் எழுதிய பதில் ஏதாவது வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அப்பியாசக் கொப்பித் தாளில் பென்சிலால் கீறிய ஒரு வலது கால். ஐந்து விரலும் தெரிகிறது. அதன் மேல் கோப்பு எண், அரசாங்க முத்திரை. ஓரத்தில் மலரின் கையெழுத்தில்: “மற்றக் காலும் இதே அளவுதான்.”

ஆரணி அதை அச்செடுத்துத் தந்தாள். மலர் தரையில் போட்டுக் காலை வைத்துப் பார்த்தாள். இப்போது பெருவிரல் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. பிறகு இடது காலையும் பக்கத்தில் வைத்தாள். வலதை விட அரை விரல் நீளம்.

“இடது பெரிசோ?” என்றேன்.

“எப்பவும் பெரிசுதான்.”

“பின்ன ஏன் இதே அளவு எண்டு எழுதினீர்?”

“ஊரில அப்ப தாளுக்குத் தட்டுப்பாடு. தம்பியின்ட கொப்பியில ஒரு தாளுக்கே சண்டை. ஒண்டு கீறினாக் காணும் எண்டு நினைச்சன்.”

அப்படியென்றால் அந்தச் சப்பாத்து? நான் சம்பளத்தில் சேர்த்து வாங்கி, விமான நிலையத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அந்தச் சப்பாத்து?

“கடிச்சதோ?”

“நாலு மாரிக் குளிருக்கும் போட்டனான்” என்றாள். “அவ்வளவு ஆசையா வாங்கிக்கொண்டு நிண்டீங்கள். எப்பிடிச் சொல்லுறது?”

இடது கால் சின்னவிரலில் அந்த ஆணி. முப்பது வருஷமாக மாலையில் எண்ணெய் பூசுகிறாள், நானும் பார்த்துக்கொண்டே தொலைக்காட்சி பார்க்கிறேன்.

“அரசாங்கத்துக்குக் குடுத்த பத்திரத்தில பொய் எழுதியிருக்கிறீர்” என்றேன்.

“நீங்களும்தான்” என்றாள்.

ஜூலை 14

சோதிக்குச் சொன்னேன். மூன்றாவது கடிதத்தின் அன்னப்பறவை பற்றி மலர் என்ன சொன்னாள் என்று கேட்டான். நான்கு நாள் சிரிப்பாள் என்றேன். கொஞ்சம் மனவருத்தம்தான் அவனுக்கு.

ஜூலை 20

கல்யாணத்துக்கு மலருக்குப் புதுச் செருப்பு வேண்டும். கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் முறிகிற சத்தம் கேட்டது.

“கடையில போட்டுப் பாக்கலாமெல்லோ” என்றாள்.

“காலை வையும்” என்றேன்.

வலது கால். பிறகு இடது. சின்னவிரல் பக்கம் வந்ததும், “கூசுது, கூசுது” என்று என் தலையைப் பிடித்துக்கொண்டாள். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆரணியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை மூன்று முடிச்சையும் ஒழுங்காகப் போட்டார். வாசல் மேசையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் என் சப்பாத்துக் கடிதமும் அந்த வலது காலும் சட்டத்தில் இருந்தன. முந்நூறு பேரும் நின்று வாசித்தார்கள். சோதி வாழ்த்துப்பாவில் நெஞ்சக் குளம் என்று தொடங்கியதும் மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விடியற்காலையிலிருந்து பின்னேரம் வரை அவள் நின்றபடிதான். வீட்டுக்கு வரும்போது காரில் கேட்டேன், “கால் நோகுதோ?”

“இடது நல்ல சுகம். வலதுதான் செருப்புக்குள்ள தொளதொளக்குது.”

இந்த முறை அன்றைக்கே சொல்லிவிட்டாள்.